சாய்ஸில் எதை விடலாம்? பிளஸ் டூ வேதியியல் வினாத்தாளுக்கு ஒரு வழிகாட்டி

பிளஸ் டூ மாணவர்கள் சாய்ஸில் விடும் வேலையை அரையாண்டுத் தேர்வு முடிந்ததுமே தொடங்கிவிடுகிறார்கள். திட நிலைமை வேண்டாம், அயனிச் சமநிலை வேண்டாம், கரிம நைட்ரஜன் சேர்மங்கள் வேண்டவே வேண்டாம் என்று பாடம் பாடமாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். மொத்தம் 15 அலகுகள். அதில் நான்கை வீட்டிலேயே கழித்துவிட்டுத் தேர்வறைக்குப் போகிறவருக்கு அங்கே தேர்ந்தெடுக்க மிச்சம் எதுவும் இருப்பதில்லை. எல்லாப் பாடத்தையும் ஓரளவு தொட்டு வைத்துக்கொண்டு, எந்த வினாவை எடுப்பது என்பதை வினாத்தாளைப் பார்த்த பிறகு முடிவு செய்வதுதான் லாபம். அந்த முடிவை எதை வைத்து எடுப்பது என்பது பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் வேதியியல் எழுத்துத் தேர்வு 70 மதிப்பெண்ணுக்கு, மூன்று மணி நேரம். செய்முறைக்கு 20, அகமதிப்பீட்டுக்கு 10. எழுத்துத் தேர்வில் 15 ஒரு மதிப்பெண் வினாக்கள். இதில் சாய்ஸ் கிடையாது. இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒன்பது கொடுத்து ஆறு எழுதச் சொல்வார்கள். 24ஆம் வினா கட்டாயம். மூன்று மதிப்பெண் பகுதியும் அப்படியே; அங்கே 33ஆம் வினா கட்டாயம். ஆக உண்மையில் இரண்டு இடத்திலும் எட்டில் ஐந்தை எடுக்கிறோம், மூன்றை விடுகிறோம். 34 முதல் 38 வரையிலான ஐந்து மதிப்பெண் வினாக்கள் ஒவ்வொன்றும் (அ) அல்லது (ஆ) என்று வரும்.

எட்டில் மூன்றை விடுவது எளிது. தெரியாதது தானே விலகிக்கொள்ளும். இரண்டில் ஒன்றை விடுவதுதான் கடினம். அங்கேதான் 25 மதிப்பெண்ணும் கிடக்கிறது. அதனால் வினாத்தாளைப் படிக்கக் கொடுக்கும் முதல் பத்து நிமிடத்தை முதல் பக்கத்தில் செலவழிக்க வேண்டாம். நேரே கடைசிப் பகுதிக்குப் போங்கள். ஐந்து ஜோடிகளிலும் எந்தப் பக்கம் என்பதை அப்போதே தீர்மானித்துவிட்டால், நடுவில் (அ)வை எழுதிக்கொண்டே வந்து பாதியில் அடித்துவிட்டு (ஆ)வுக்குத் தாவும் கூத்து நடக்காது. அந்தத் தாவல் குறைந்தது பத்து நிமிடத்தைத் தின்னும்.

ஒன் மார்க் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குறியீட்டோடு விடையையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்கள். 'இ' என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். குறியீடு ஒன்று, விடை வேறொன்று என்று மாறிப்போனாலும் மதிப்பெண் போகும். நீட் தேர்வில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் குறைப்பார்கள், அங்கே தெரியாததை விட்டுவிடுவது விவேகம். இங்கே குறைப்பு இல்லை. ஒன்றைக்கூட வெறுமையாக விடக் காரணமில்லை.

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். திருத்துபவரின் கையில் ஒரு விடைக்குறிப்பு இருக்கும். அதில் ஐந்து மதிப்பெண் என்பது ஒரே கட்டியாக இருக்காது. வாய்பாட்டுக்கு இவ்வளவு, பிரதியிடலுக்கு இவ்வளவு, அலகோடு கூடிய விடைக்கு இவ்வளவு என்று உடைந்திருக்கும். இரண்டு வினாக்களும் ஏறத்தாழ ஒரே அளவு தெரியும் என்றால், எதில் மதிப்பெண் தெளிவாக உடைகிறதோ அதை எடுங்கள் என்பது என் கட்சி. பத்தி பத்தியாக எழுத வேண்டிய வினாவில் நீங்கள் எழுதியது போதுமா என்று உங்களுக்கே தெரியாது. சமன்பாடு, வாய்பாடு, எண் என்று போகும் வினாவில் தெரியும்.

அப்படியென்றால் கணக்கா, வருவித்தலா? மாணவர்களிடம் இதற்கு இரண்டு கட்சி உண்டு. கணக்கு என்றாலே ஓடுகிறவர்கள் ஒருபுறம், மனப்பாடத்துக்குப் பயந்து கணக்கையே கட்டிக்கொள்கிறவர்கள் மறுபுறம். உண்மையில் இரண்டுக்கும் வேறு வேறு இடத்தில் அபாயம் இருக்கிறது. வருவித்தலில் தொடக்கமும் முடிவும் முன்பே தெரிந்தவை. ஆஸ்வால்டு நீர்த்தல் விதியையோ முதல் வகை வினையின் வேகச் சமன்பாட்டையோ எழுதும்போது நடுவில் ஒரு வரி மறந்தாலும், முடிவிலிருந்து பின்னோக்கி வந்து அந்த வரியைப் பிடித்துவிடலாம். கணக்கில் அந்த வசதி இல்லை. கடைசியில் வரும் எண் சரியா என்று சொல்ல ஆளில்லை. ஆனால் கணக்கு நான்கு வரியில் முடியும், வருவித்தல் ஒரு பக்கம் போகும். எனவே இரண்டு, மூன்று மதிப்பெண் பகுதியில் கணக்கு, ஐந்து மதிப்பெண்ணில் வருவித்தல் என்பது பொதுவாகச் சரியாக வரும்.

இரண்டின் நல்ல குணமும் சேர்ந்த ஒரு வகை இருக்கிறது, கண்ணில் பட்டால் விடாதீர்கள்: 'காட்டுக', 'நிரூபிக்க' என்று முடியும் கணக்கு. முதல் வகை வினை 99.9 சதவீதம் நிறைவடைய ஆகும் நேரம் அரை வாழ்காலத்தைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு எனக் காட்டுக என்பது வேதிவினை வேகவியலில் பழகிய வினா. விடையை வினாவிலேயே கொடுத்துவிட்டார்கள். 100இல் 0.1 மிஞ்சுகிறது என்றால் விகிதம் 1000, அதன் மடக்கை 3. 2.303ஐ 3ஆல் பெருக்கினால் 6.909, அதை வினைவேக மாறிலியால் வகுத்தால் நேரம். அரை வாழ்காலம் 0.693ஐ அதே மாறிலியால் வகுத்தது. இரண்டையும் வகுத்தால் மாறிலி அடிபட்டுப்போய் 9.97 நிற்கும். பத்து வரவில்லை என்றால் எங்கோ தவறு என்று உடனே தெரிந்துவிடும். இதைவிடப் பாதுகாப்பான வினா வினாத்தாளில் கிடையாது.

எல்லாக் கணக்கும் ஒரே எடை இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். கணிப்பான் இல்லாத தேர்வறையில் எண்கள் எவ்வளவு முரடு என்பதும் ஒரு கணக்குத்தான். திட நிலைமையில் பேரியத்தை எடுத்துக்கொள்வோம். பொருள் மைய கனச்சதுர அமைப்பு, விளிம்பு நீளம் 508 பிக்கோமீட்டர். அணு ஆரம் கேட்டால் 508ஐ 1.732ஆல் பெருக்கி 4ஆல் வகுக்க வேண்டும், 220 பிக்கோமீட்டர், முடிந்தது. அலகுகூட மாறவில்லை. அடர்த்தி கேட்டாலோ பிக்கோமீட்டரைச் சென்டிமீட்டராக்க வேண்டும், அதாவது 5.08 × 10⁻⁸. பிறகு அதன் கனம். பிறகு அவகாட்ரோ எண். அலகுக்கூட்டுக்கு இரண்டு அணு என்பதும் நினைவிருக்க வேண்டும். கடைசியில் கன சென்டிமீட்டருக்கு 3.5 கிராம் அளவில் வரும். இத்தனை படியில் பலர் வழுக்கி விழுவது அலகு மாற்றத்தில்தான். ஒரே அலகுக்கூட்டைப் பற்றிய இரண்டு கணக்கில் ஒன்றை விடலாம் என்றால் அடர்த்தியை விடுங்கள்.

அயனிச் சமநிலைக் கணக்குகளைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சின்ன உபாயம். 2இன் மடக்கை 0.3010, 3இன் மடக்கை 0.4771. இந்த இரண்டு எண் போதும், பாதிக் கணக்குகள் பணிந்துவிடும். 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தின் பி.எச். மதிப்பு கேட்கிறார்கள், பிரிகை மாறிலி 1.8 × 10⁻⁵ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1.8 என்பது 2ஐ 9ஆல் பெருக்கி 10ஆல் வகுத்தது. அதன் மடக்கை 0.3010 + 0.9542 − 1, அதாவது 0.2552. ஐந்திலிருந்து கழித்தால் 4.74. செறிவுக்காக ஒன்றைக் கூட்டிப் பாதியாக்கினால் 2.87. வர்க்கமூலத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதே இல்லை. மின் வேதியியலில் இன்னும் சுலபம். டேனியல் கலத்துக்கு 1.1 வோல்ட் என்றால் கட்டிலா ஆற்றல் மாற்றம் 2 × 96500 × 1.1, எதிர்க்குறியோடு 212.3 கிலோஜூல். இங்கே மதிப்பெண் போவது அந்த எதிர்க்குறியிலும் கிலோவிலும்தான்.

கரிம வேதியியலில் தேர்வு வேறு மாதிரி. அங்கே மூன்று வகை வினா வரும்: பெயர் வினை, வினைவழிமுறை, ஏ-பி-சி என்று சேர்மங்களைக் கண்டறியும் சங்கிலி. பெயர் வினைகள் எழுதுகிறவருக்கு அனுகூலமானவை. கானிசரோ வினை என்றால் பென்சால்டிஹைடு, அடர் காரம், கிடைப்பது பென்சைல் ஆல்கஹாலும் சோடியம் பென்சோயேட்டும்; ஆல்ஃபா ஹைட்ரஜன் இல்லாத ஆல்டிஹைடுகள் மட்டும் இதற்கு உட்படும் என்று ஒரு வரி. அதே கானிசரோவுக்கு வினைவழிமுறை கேட்டால் கதை வேறு. எலக்ட்ரான் எங்கிருந்து எங்கே நகர்கிறது என்று அம்புக்குறியால் காட்ட வேண்டும், ஹைட்ரைடு எந்தப் படியில் இடம்பெயர்கிறது என்று சொல்ல வேண்டும். வெறும் மொத்தச் சமன்பாட்டை மட்டும் எழுதி வைத்தால் பெரிதாக எதுவும் தேறாது. பெயர் வினை தெரியும் என்ற தைரியத்தில் வழிமுறை வினாவில் கைவைப்பவர்கள் நிறைய.

சங்கிலி வினா சூதாட்டம் போலத் தெரியும். முதல் சேர்மம் தவறினால் மற்றதெல்லாம் சரிந்துவிடுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் சங்கிலியில் நுழைய ஏதாவது ஒரு கண்ணி தெரிந்தால் போதும், அது முதல் கண்ணியாக இருக்க வேண்டியதில்லை. நைட்ரோபென்சீனை வெள்ளீயமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கொண்டு ஒடுக்கினால் ஏ. அதைச் சோடியம் நைட்ரைட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்த்து 273 முதல் 278 கெல்வினில் வைத்தால் பி. அதை நீரோடு வெப்பப்படுத்தினால் சி. முதல் படி மறந்துபோனாலும் அந்தக் குளிர்ந்த வெப்பநிலையும் நைட்ரைட்டும் டையசோனியம் உப்பைக் காட்டிக்கொடுத்துவிடும். அங்கிருந்து பின்னால் போனால் அனிலின், முன்னால் போனால் பீனால். எனவே வினாவைப் படிக்கும்போது வினைக்காரணிகளை மட்டும் ஒரு சுற்றுப் பாருங்கள். ஒன்றாவது பழக்கமான முகமாக இருந்தால் எடுக்கலாம். 'டாலன்ஸ் காரணியை ஒடுக்காது, அயோடோஃபார்ம் சோதனைக்கு விடை தரும்' என்பதுபோலச் சோதனைகளால் மட்டும் வரும் வினாவையும் நான் எடுக்கவே சொல்வேன். ஒரு கார்பனைல் சேர்மத்தைப் பற்றி இப்படிச் சொன்னால் அது மெத்தில் கீட்டோன் என்பதில் சந்தேகத்துக்கே இடமில்லை. எந்த வினைக்காரணியும் அறிமுகமில்லாத சங்கிலியைத் தயங்காமல் விடலாம். விடைகளை எழுதும்போது அம்புக்குறியின் மேல் வினைக்காரணியைக் குறிக்க மறக்காதீர்கள்.

அணைவு வேதியியலில் இணைதிற பிணைப்புக் கொள்கையும் படிகப்புலக் கொள்கையும் எதிரெதிராக வந்தால் முதலாவதே என் தேர்வு. நிக்கலோடு நான்கு சயனைடு சேர்ந்த அயனி, நான்கு குளோரைடு சேர்ந்த அயனி இரண்டையும் ஒப்பிடச் சொன்னால், எழுத வேண்டியவை தாமாக வரிசையில் நிற்கும்: ஈனி வலியதா எளியதா, இனக்கலப்பு, வடிவம், காந்தத் தன்மை. சயனைடு எலக்ட்ரான்களை இணையாக்கிவிடும், சதுரத் தளம், டயா காந்தம். குளோரைடு இணையாக்காது, நான்முகி, இணையாகாத எலக்ட்ரான் இரண்டு, காந்தத் திருப்புத்திறன் 2.83 போர் மேக்னட்டான். படிகப்புலக் கொள்கையில் பிளவுப் படத்தை வரைந்து ஆர்பிட்டால்களைச் சரியான உயரத்தில் நிறுத்த வேண்டும். எண்முகிக்கும் நான்முகிக்கும் மேல் கீழ் மாறும். நேரம் போதாத கையில் அந்தப் படம் தலைகீழாக வந்துவிடுவது சகஜம்.

'வேறுபடுத்துக' என்றால் அட்டவணை போடுங்கள், ஒரு வரியில் இரண்டு பக்கமும் ஒரே பண்பைப் பற்றிப் பேசட்டும். இடப்பக்கம் இயற் புறப்பரப்புக் கவர்தலின் வெப்பம், வலப்பக்கம் வேதிப் புறப்பரப்புக் கவர்தலின் வேகம் என்று எழுதினால் அது வேறுபாடு ஆகாது. 'குறிப்பு வரைக' என்பது அதைவிட இலகுவாகத் தோன்றும், அதுதான் அதன் பொறி. அன்றாட வாழ்வில் வேதியியல் பாடத்தில் மருந்துகளைப் பற்றிய வினாவும் நைலான்-6,6 தயாரிப்பும் இருந்தால் பலர் மருந்தை எடுப்பார்கள். அரைப் பக்கம் எழுதுவார்கள். அடிப்பிக் அமிலமும் ஹெக்சாமெத்திலீன் டையமீனும் சேரும் ஒரு சமன்பாட்டை எழுதியவருக்கு வேலையும் குறைவு, மதிப்பெண்ணும் உறுதி. உலோகவியலிலும் இதே நியாயம். நுரை மிதப்பு முறையை விவரிப்பதைவிட மாண்ட் முறையை எழுதலாம்: நிக்கல் 350 கெல்வினில் கார்பன் மோனாக்சைடோடு சேர்கிறது, 460 கெல்வினில் சிதைந்து தூய நிக்கலைத் தருகிறது, இரண்டு சமன்பாடு.

ஐந்து மதிப்பெண் வினாக்களில் பல (i), (ii) என்று உடைந்து வரும். ஒரு பக்கம் முழு ஐந்துக்கும் ஒரே வினா, மறுபக்கம் இரண்டும் மூன்றுமாக உடைந்த வினா என்றால் எது? முழு வினா கடைசி வரி வரை தெரியுமா என்று பாருங்கள். தெரியும் என்றால் அதுவே. 'கிட்டத்தட்டத் தெரியும்' என்றால் உடைந்ததற்குப் போங்கள். இரண்டு துண்டுகளில் ஒன்று முழுதாகத் தெரிந்தாலே இரண்டோ மூன்றோ கையில் வந்துவிடும். (அ)வில் ஒரு துண்டையும் (ஆ)வில் ஒரு துண்டையும் எடுத்து எழுத முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

கட்டாய வினாக்களில் தப்ப வழியில்லை. பெரும்பாலும் கணக்கோ கரிமச் சங்கிலியோ அங்கே வந்து உட்காரும். கணக்கைப் பயந்து மொத்தமாகத் தள்ளியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான். தெரியாவிட்டாலும் வாய்பாட்டை எழுதி, கொடுத்த மதிப்புகளை அலகோடு வரிசைப்படுத்திப் பிரதியிட்டு வையுங்கள்.

ஐந்து மதிப்பெண்ணில் இரண்டு பக்கமுமே தெரியவில்லை என்ற நிலையும் வரும். அப்போது சமன்பாடோ வாய்பாடோ உள்ள பக்கத்தை எடுத்து, வரையறை ஒன்று, வாய்பாடு ஒன்று, அதிலுள்ள ஒவ்வொரு குறியீடும் எதைக் குறிக்கிறது என்பது என்று எழுதுங்கள். வினா எண்ணோடு (அ)வா (ஆ)வா என்பதை ஓரத்தில் தெளிவாகப் போடுங்கள்.