கடைமடையும் கம்பிவழியும்

கடைமடைக்கு நீர் வரவில்லையெனில், தஞ்சை உழவர் கல்லணை மதகை மாற்ற முனைவதில்லை. வாய்க்காலில் அடைப்பைத் தேடுவர். ஊர்திப் பழுதுக்கும் இதுவே நெறி.

முடுக்கி மிதியின் அசைவை உணரிகள் மின்குறிப்பாக்க, கணினி திராட்டில் என்னும் காற்றுவழிக் கதவைத் திறக்கிறது. சில ஊர்திகளில் இக்கட்டளை, 1986இல் பாஷ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘கேன்’ என்னும் இரட்டைக் கம்பிவழியே செல்கிறது. தொடர்பு அறுந்தால் ஊர்தி நடுவழியில் வேகம் குன்றும். யு0107 என்னும் பிழைக்குறி தொடர்பு அறுந்ததைச் சொல்லும், காரணத்தைச் சொல்லாது.

மின்கல இணைப்பை நீக்கிக் கம்பிகளுக்கிடையே அளந்தால், இரு முனைகளிலுள்ள 120 ஓம் தடைகள் இணையாக அமைவதால் ஏறத்தாழ 60 ஓம் காட்டவேண்டும். 120 எனில் கம்பியோ ஒரு முனைத்தடையோ அறுந்திருக்கலாம். சுழியை நெருங்கினால் கம்பிகள் ஒன்றையொன்று தொட்டிருக்கலாம்.

எலி கடித்த கம்பியை விட்டுவிட்டு விலையுயர்ந்த உறுப்பை மாற்றினால் பணம் போகும், பழுது போகாது.