மெய்க்கு நிகரான பனிவெளி

தீக்காயமுற்றோர்க்குக் காயத்தின் வலி ஒருமுறை வந்து நீங்குவதன்று. கட்டினை அவிழ்த்து, புண்ணைக் கழுவி, இறந்த தோலை அகற்றி, மீண்டும் கட்டும் ஒவ்வொரு முறையும் அவ்வலி புதிதாய் எழும். ஓய்வாகப் படுத்திருக்கையில் வலியைத் தணிக்கும் மருந்து, அவ்வேளையில் பெரும்பாலும் போதாமற்போகும். அமெரிக்காவில் சியாட்டில் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகிய உளவியல் அறிஞர்கள், மருந்தோடு மெய்நிகர் உலகையும் துணைக்கொள்ள முற்பட்டனர்.

மெய்நிகர் உலகைக் காட்டும் தலையணியில் ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு சிறு திரை உண்டு. தலை திரும்பும் திசையைக் கருவி அளந்தறிய, கணினி அத்திசைக்குரிய காட்சியை அக்கணமே வரைந்து தரும். 1968ஆம் ஆண்டில் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய தலையணி வெறுங் கோட்டுருவங்களையே காட்டியது. எனினும் அடிப்படை அன்றும் இதுவே.

காட்டில் கல்லும் புல்லும் எவரும் எண்ணாமலே கிடக்கின்றன. மெய்நிகர் வெளியிலோ ஒருவர் வைத்தாலன்றி ஒரு கூழாங்கல்லும் இல்லை. ஆகவே, அவ்வெளி உண்மையா பொய்யா என வினவுவதைவிட, அதை எவர், எதற்காக அவ்வாறு அமைத்தார் என வினவுவதே பொருத்தம். (‘மெய்நிகர்’ என்னும் சொல்லே, தான் மெய்யன்று, மெய்க்கு நிகர் என ஒப்புக்கொண்டுவிடுகிறது.)

முதலில் நோயாளிகளுக்குக் காட்டப்பட்டது ஒரு சமையலறை. சிலந்திக்கு அஞ்சுவோரின் அச்சம் போக்க ஏற்கெனவே அமைக்கப்பட்டிருந்தது அது. தீக்காயமுற்றோர்க்கெனவே பின்னர் உருவானது ‘ஸ்னோவேர்ல்டு’ என்னும் பனியுலகம். நெருப்பின் நினைவை எழுப்பும் எதுவும் அங்கில்லை. பனிப் பள்ளத்தாக்கினூடே நோயாளி மெல்ல மிதந்து செல்கிறார். செல்லும் வழி முன்னரே வகுக்கப்பட்டது. அவர் நடக்கவோ வழி தேடவோ வேண்டியதில்லை. பனிமனிதர்கள்மீதும் பெங்குவின்கள்மீதும் பனிப்பந்து எறிவதே அவர் வேலை. அவ்வேலைதான் இவ்வமைப்பின் உயிர்நாடி. வலியை உணர்வதற்கும் கவனம் வேண்டும். மனிதக் கவனமோ அளவுடையது. பனிப்பந்து அதில் ஒரு பங்கைக் கவர்ந்துகொள்ள, வலிக்கு எஞ்சுவது குறைகிறது. 2004ஆம் ஆண்டில் வெளியான மூளைப்படப் பதிவு ஆய்வில், நலமான தன்னார்வலர்க்கு வெப்ப வலி ஊட்டியபோது, பனியுலகில் இருக்கையில் வலியோடு தொடர்புடைய மூளைப்பகுதிகளின் செயற்பாடு குறைந்தது தெரியவந்தது.

கவனத்தைக் கவரும் இதே கலைதான், விளையாடுவோரை எழவிடாது இருத்திவைக்கும் வணிக விளையாட்டுகளிலும் செயற்படுகிறது. நோக்கம் மாறினால் வெளியும் மாறும். பனியுலகை அமைத்தோர் நோயாளியின் உடல் எங்கிருக்கிறது என்பதையும் மறக்கவில்லை. நீர்த்தொட்டியில் அமர்த்திப் புண் கழுவப்படுவோர்க்கு மின்கருவி ஆகாது. அவர்களுக்கென ஒளியிழை வழியே காட்சியைக் கொண்டுவரும் தலையணி தனியே செய்யப்பட்டது.