வெண்கொக்குகளைப் பிரித்தறிதல்: பேத்திக்குத் தாத்தா எழுதும் கடிதம்

அன்புப் பேத்திக்கு,

பொங்கல் நாட்களில் தமிழகத்தில் 2015ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் பறவைக் கணக்கெடுப்பு பறவையியல் கற்றவர்களுக்கு மட்டும் உரியதன்று. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்றோ நடந்தோ பார்த்த பறவைகளின் பெயரையும் எண்ணிக்கையையும் இ-பேர்ட் என்னும் இணையத் தரவுத்தளத்தில் பதியும் எவரும் அதில் பங்கேற்கலாம். எல்லோரும் எழுதக்கூடிய பட்டியல் என்பதனாலேயே, அதில் ஏறும் ஒவ்வொரு பெயருக்கும் எழுதுபவரே பொறுப்பாகிறார். மயிலையும் செம்போத்தையும் எழுதுவதில் யாருக்கும் தயக்கம் வராது. ஏரிக்கரையில் ஏறியதும் வெள்ளை வெளேரென்று தெரியும் கொக்குக் கூட்டத்தில்தான் தயக்கம் தொடங்குகிறது. முதன்முறையாகக் கணக்கெடுக்கப் போகும் பேத்திக்கு இங்கே சொல்லப்படுவது பெரும்பாலும் அக்கூட்டத்தைப் பற்றியே.

ஊரில் கொக்கு என்று ஒரே சொல்லால் குறிக்கப்படும் வெள்ளைப் பறவைகள் உண்மையில் நான்கு இனங்கள்: சின்ன வெண்கொக்கு, நடுத்தர வெண்கொக்கு, பெரிய வெண்கொக்கு, உண்ணிக்கொக்கு. இவற்றுள் சின்ன வெண்கொக்கை அறிவது எளிது. அதன் அலகு கறுப்பு, கால் கறுப்பு, விரல்கள் மட்டும் மஞ்சள். ஆயினும் சேற்றில் நிற்கும் பறவையின் விரல்கள் கண்ணுக்குத் தெரியா. சின்ன வெண்கொக்கு இரை தேடும்போது ஒரு காலை முன்னே நீட்டி, ஆழமில்லாத நீரின் அடிச்சேற்றை அதிரக் கலக்கி, கலங்கி ஓடும் சிறுமீனைக் கொத்தும் வழக்கமுடையது. அவ்வாறு கலக்கிய காலை அது நீருக்கு மேல் தூக்கும் நொடியில், கறுப்புக் காலுறையின் நுனியில் மஞ்சள் துணி சுற்றியதைப் போல அந்த விரல்கள் பளிச்சிடும். அந்த ஒரு நொடிக்காக இரண்டு நிமிடம் காத்திருப்பது வீணாகாது.

பெரியதையும் நடுத்தரத்தையும் பிரிப்பதுதான் கடினம். மஞ்சள் அலகு என்ற அடையாளத்தை நம்பிப் புறப்படுபவர்கள் தமிழகத்தில் தை மாதத்தில் ஏமாறுவார்கள். ஏனெனில் வடகிழக்குப் பருவமழையில் ஏரிகள் நிரம்பியபின் இங்குள்ள கொக்குகள் கூடு கட்டத் தொடங்குவதால், வேடந்தாங்கல் போன்ற இடங்களில் கணக்கெடுப்பு நடக்கும் அதே வாரத்தில் இனப்பெருக்கக் காலத்துக்குரிய நிறமாற்றம் நிகழ்ந்துகொண்டிருக்கும், இவ்விரண்டு இனங்களின் அலகும் கறுத்துப்போயிருக்கக்கூடும். ஆகவே நிறத்தை விட்டு வடிவத்தைப் பார்க்க வேண்டும். அலகின் இரு பகுதிகளும் சேரும் இடத்திலிருந்து முகத்தின் மேல் பின்னோக்கி ஓடும் மெல்லிய கோட்டை வாய்ப்பிளவுக் கோடு எனலாம். பெரிய வெண்கொக்கில் அது கண்ணைத் தாண்டிப் பின்னால் நீண்டு செல்லும், நடுத்தர வெண்கொக்கில் கண்ணுக்கு நேர் கீழேயே நின்றுவிடும். பருவத்தால் மாறாத அடையாளம் இதுவே. முகம் தெளிவாகத் தெரியாத தொலைவில் கழுத்து உதவும்: பெரியதன் கழுத்து உடலைவிட நீளமாய், நடுவில் ஒடிந்து மூட்டுப்போட்டதுபோல் வளைந்திருக்கும், நடுத்தரத்தில் அந்த வளைவு மென்மையானது, தலை உருண்டு, அலகு குட்டையாகத் தோன்றும். உருவ அளவை மட்டும் கொண்டு முடிவு செய்வது, அருகில் ஒப்பிட வேறொரு கொக்கு நிற்காத வரையில், நம்பத்தக்கதன்று.

அறுவடை வயலில் டிராக்டருக்குப் பின்னால் ஓடும் குட்டையான, தாடை தடித்த பறவை உண்ணிக்கொக்கு. அதில் குழப்பம் குறைவு. மடையான் எனப்படும் குருட்டுக்கொக்கு அமர்ந்திருக்கையில் மண்நிறமாய் வரப்போடு கலந்துவிட்டு, பறக்கும்போது இறக்கை முழுதும் வெண்மையாய் விரிவதால், பறந்து போனவற்றை மட்டும் எண்ணுபவர்கள் அதையும் வெண்கொக்கில் சேர்த்துவிடுவதுண்டு.

இவ்வளவு தெரிந்த பின்னும், ஏரியின் மறுகரையில் நிற்கும் 60 கொக்குகளைப் பிரிக்க முடியாமல் போகலாம். அப்போது அருகில் தெளிவாகப் பார்த்த பத்தில் ஆறு சின்னவை என்பதால் மறுகரையிலும் அதே விகிதம் இருக்கும் என்று பங்கிட்டு எழுதுவது பெரும் பிழை. ஆழமான நீரில் நிற்கக்கூடியது நெடுங்கால் உடைய பெரிய வெண்கொக்கு. கரையோரச் சேற்றுக்கு வருவது சின்னது. ஆதலால் ஒரு கரையின் விகிதம் மற்றொரு கரைக்குப் பொருந்தாது. பட்டியலில் இனம் உறுதியாகாத வெண்கொக்கு என்று பதிவதற்கு இடமிருக்கிறது. இரண்டு இனங்களுள் ஏதோ ஒன்று என்று குறிக்கவும் வழியிருக்கிறது. அவ்வாறு பதிவதைத் தோல்வியாக எண்ணிப் பலர் கூசுகிறார்கள். பத்தாண்டு கழித்து அந்த ஏரியில் நடுத்தர வெண்கொக்கு குறைந்ததா என்று ஆராய்பவருக்கு, ஊகித்து நிரப்பிய எண் தவறான விடையைத் தரும். உறுதியாகவில்லை என்ற பதிவோ அவரை ஏமாற்றாது. ஊகத்தை எண்ணாக எழுதுவது அந்த ஏரிக்கும் அதை நம்பி வரும் பறவைகளுக்கும் செய்யும் தீங்கு என்பதைப் பேத்தி மனத்தில் இருத்த வேண்டும்.

நீர்க்காகங்களிலும் இதே கவனம் தேவை. கருவேல மரத்தில் இறக்கை விரித்து உலர்த்தும் கூட்டத்தில் நெற்றி செங்குத்தாய், அலகு குட்டையாய் இருப்பது சின்ன நீர்க்காகம். நெற்றி சரிந்து, நுனி வளைந்த மெல்லிய நீண்ட அலகும் நீலப்பச்சைக் கண்ணும் உடையது கொண்டை நீர்க்காகம்.

சேற்றோரம் ஓடும் உள்ளான்களுக்கு மட்டும், தானாகப் பறக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும், விரட்டிப் பறக்கவைக்கக் கூடாது. கண்ணுக்கு மேல் செல்லும் வெள்ளைக்கோடு கண்ணைக் கடந்து பின்னோக்கி நீண்டு, முதுகில் பொரி தூவியதுபோல் புள்ளிகள் இருந்தால் அது பொரி உள்ளான். கோடு கண்ணோடு நின்று, முதுகு கருத்திருந்தால் கிரீன் சாண்ட்பைப்பர் எனப்படும் இனம். இது தானாக எழும்பும்போது கருத்த இறக்கைகளுக்கு நடுவே பிட்டத்தின் வெண்மை பளீரெனத் தெரியும். அதற்காகக் கல்லெறிந்தோ கைதட்டியோ எழுப்பினால், நெடுந்தொலைவு கடந்து குளிர்காலத்தைக் கழிக்க வந்த பறவை அன்றைய இரையை இழக்கும். வரப்பில் உட்கார்ந்து காத்திருந்தும் அது தானே எழும்பவில்லையென்றால், உறுதியாகாத உள்ளான் ஒன்று என்று எழுதிவிட்டு அடுத்த மடைக்கு நடக்கலாம்.

ஆசிகளுடன்,
தாத்தா