திடலுக்குள் ஓர் அழைப்பு

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியில் 1995ஆம் ஆண்டு பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறியதால் அவரது வலக்கால் முழங்காலுக்குக் கீழே சிதைந்தது. காய்கறி விற்ற தாயின் உழைப்பே குடும்பத்தைத் தாங்கியது. பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அவரைத் திடலின் ஓரத்தில் அமர்த்திவிடவில்லை; உயரம் தாண்ட ஊக்குவித்தார். பதினான்காம் வயதில், உடற்குறையற்ற போட்டியாளர்களுடன் தாண்டி இரண்டாமிடம் பெற்றார்.

2016இல் ரியோ பாராலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் டோக்கியோவில் போட்டியின்போது மழை பெய்தது. காலுறை நனைந்த நிலையிலும் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். 2024இல் பாரிசில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் பெற்றார். பதக்கத்தின் நிறம் மாறியது, முயற்சி மாறவில்லை. தொடர்ந்து மூன்று பாராலிம்பிக் போட்டிகளில் பதக்கம் வென்ற முதல் இந்தியர் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது.

உயரம் தாண்டுதலில் ஒவ்வோர் உயரத்திற்கும் மூன்று வாய்ப்புகள் உண்டு. மாரியப்பனுக்கு முதல் வாய்ப்பைத் தந்தது ஒரு பள்ளித் திடல். சேலமாயினும் கமுதியாயினும், திடலின் ஓரத்தில் அமர்ந்து பார்க்கும் தோழர் ஒருவர் இருக்கக்கூடும். அவரை உள்ளே அழைக்கும் முதற்குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.