ஸ்பைக்ஸைக் கொடுத்துவிடாதே

அன்பு மருமகளுக்கு,

"பிள்ளை பெத்தாச்சு, இனி என்ன ஓட்டம்" என்று உன் வீட்டில் பேச ஆரம்பித்துவிட்டார்களாமே. நீயும் ஓடுகிற ஸ்பைக்ஸ் ஷூவைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுக்கப் போவதாக அண்ணி சொன்னார்கள். கொடுக்காதே.

கென்யாவின் ஃபெய்த் கிப்யேகானை உனக்குத் தெரியும். போலந்தில் 2010-இல் நடந்த உலக கிராஸ் கன்ட்ரியில், ஜூனியர் பெண்கள் பிரிவில், வெறுங்காலோடு ஓடி நான்காவதாக வந்தவள். அடுத்த ஆண்டு ஸ்பெயினில் தங்கம். 2016 ரியோவில் 1500 மீட்டர் தங்கம், மறு ஆண்டு லண்டனில் உலகப் பட்டம். 2018 ஜூனில் மகள் பிறந்தாள். அதோடு முடிந்தது என்று நினைக்கவும் ஆட்கள் இருந்திருப்பார்கள்.

2019 தோஹா 1500 மீட்டர் ஓட்டத்தை மறுபடி போட்டுப் பார். கூட ஓடிய சிஃபான் ஹசன் முன்னால் போய்விட்டாள். இவளுக்கு வெள்ளிதான். ஆனால் டைமிங் 3 நிமிடம் 54.22 விநாடி! தாயாவதற்கு முன்பு ஒருநாளும் அவள் அந்த வேகத்தில் ஓடியதில்லை. பதக்கத்தை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியாது, நமக்குத் தெரிய வேண்டும்.

அவளுடைய உலக சாதனைகள் எல்லாமே குழந்தை பிறந்த பிறகு வந்தவை. 2023-இல் ஏழே வாரத்தில் மூன்று: 1500 மீட்டர், 5000 மீட்டர், ஒரு மைல். மோனாக்கோவில் மைல் ஓடி முடித்ததும், கூட ஓடித் தோற்றவர்களே அவளைச் சூழ்ந்து கட்டிக்கொண்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

2025 ஜூன் 26 அன்று பாரிஸில் ஒரு மைலை நான்கு நிமிடத்துக்குள் ஓடப் பார்த்தாள். காற்றைத் தடுக்கச் சுற்றிலும் கூடவே ஓடும் பேசர்கள். முடியவில்லை, ஆறு விநாடிக்கு மேல் ஆகிவிட்டது. உலகமே பார்க்க டிராக்கில் விழுந்து கிடந்தாள். ஒன்பதாவது நாள் அமெரிக்காவின் யூஜினில் 1500 மீட்டரை 3 நிமிடம் 48.68 விநாடியில் ஓடி, தன் சாதனையைத் தானே முறியடித்தாள். சுற்றுக்கு 61 விநாடி, அதே வேகத்தில் மூன்றே முக்கால் சுற்று. ஒரே ஒரு சுற்றை 61-இல் ஓடிப் பார்த்தவளுக்குத்தான் அது என்னவென்று தெரியும்.

அவளுக்கு பேட்ரிக் சாங் கோச், கப்டகாட்டில் பயிற்சி முகாம். உனக்கு அந்த வசதி இல்லை என்பது எனக்குத் தெரியாததா? மனசு மட்டும் இருந்தால் போதும் என்று நான் சொல்லவே மாட்டேன். தாய்க்கு ஆள் துணை வேண்டும், நல்ல சாப்பாடு வேண்டும், தூக்கம் வேண்டும். அதைக் கேட்டு வாங்க வெட்கப்படாதே.

டாக்டரம்மா சரி என்று சொல்லும்வரை ஓடாதே. சொன்ன பிறகும் முதலில் நடைதான். பழைய டைமிங் எழுதிய நோட்டை ஆறு மாதத்துக்குத் திறக்காதே. பால் கொடுக்கும் உடம்பை அதோடு ஒப்பிட்டால் மனசு உடைந்துவிடும்.

அடுத்த மாதம் நான் அங்கே வந்து இருக்கிறேன், மாமாவிடம் சொல்லியாயிற்று. காலையில் நீ கிரவுண்டுக்குப் போ, குழந்தை என் மடியில் இருக்கட்டும். உன் மாமியாரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

உன் அத்தை