காமெட்டுக்குச் சிவப்பு அடிக்கும் முன்

போர் விமான மாடல்கள் நாலைந்து செய்து கை பழகியவர்கள், ஒரு மாறுதலுக்காகப் பந்தய விமானம் ஒன்றைக் கையில் எடுப்பார்கள். பலருக்கு அது டி ஹாவிலாண்ட் டி.ஹெச்.88 காமெட்டாக அமையும். ஏர்ஃபிக்ஸ் பல பத்தாண்டுகளாக விற்றுவரும் 1/72 அளவுப் பெட்டியில் பாகங்கள் குறைவு. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடித்த பிறகு கேட்கும் புலம்பலும் ஒன்றுதான்: “எல்லாம் சரியாத்தான் செஞ்சேன். ஆனா பொம்மை மாதிரி இருக்கு.”

போர் விமானத்தில் கறையும் கீறலும் நமக்குத் துணை. மங்கலான பச்சை, பழுப்புத் திட்டுகளுக்குள் இணைப்புக் கோடு ஒளிந்துகொள்ளும். பளபளக்கும் சிவப்பு எதையும் ஒளித்து வைக்காது. தலைமுடி அளவு பள்ளத்தையும் ஊருக்குக் காட்டிக் கொடுத்துவிடும். அதனால் காமெட்டில் முக்கால்வாசி வேலை, சிவப்பு டப்பாவைத் திறப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் நாளைத் தீர்மானியுங்கள்

1934 அக்டோபர் 20 அன்று இங்கிலாந்தின் மில்டன்ஹாலிலிருந்து ஆஸ்திரேலியாவின் மெல்பர்னுக்குத் தொடங்கிய பந்தயத்துக்காகவே பிறந்த விமானம் இது. மூன்று காமெட்டுகள் கிளம்பின. ஜிம், ஏமி மாலிசன் தம்பதியின் ‘பிளாக் மேஜிக்’ கறுப்பும் பொன்னிறமும். ஜபல்பூரில் கிடைத்த பெட்ரோல் எஞ்சினுக்கு ஒத்துக்கொள்ளாமல், அலகாபாத்தோடு அதன் பந்தயம் முடிந்தது. இன்னொன்று பச்சை. சிவப்பு நிற ‘குரோவ்னர் ஹவுஸ்’தான் ஜெயித்தது. சார்லஸ் ஸ்காட்டும் டாம் கேம்பல் பிளாக்கும் பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின், சார்லிவில் வழியாக 18,000 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, 70 மணி 54 நிமிடத்தில் மெல்பர்னை எட்டினார்கள்.

நீங்கள் செய்வது மில்டன்ஹாலில் நிற்கும் விமானமா, மெல்பர்னில் வந்து இறங்கிய விமானமா? புறப்படும் காமெட்டில் ஒரு தூசு கூடாது. வந்து சேர்ந்ததென்றால், எக்ஸாஸ்ட்டுக்குப் பின்னால் லேசான புகைக்கறை பொருந்தும். கடைசிக் கட்டத்தில் இடது எஞ்சினின் ஆயில் அழுத்தம் சிக்கல் கொடுத்து, அதன் வேகத்தைக் குறைத்தே ஓட்டி வந்தார்கள். அந்தப் பக்கம் ஓர் எண்ணெய்க் கோடு கூடுதலாக இருந்தாலும் கேட்பவருக்குப் பதில் உண்டு. இரண்டையும் கலக்காதீர்கள். முதல் முறை செய்பவருக்குப் பச்சை காமெட் சுலபம். பச்சை கீழ்நிறத்தை எளிதில் மூடும், சிவப்பு மூடாது.

மரத்துக்கு ஏது ரிவெட்?

காமெட்டின் உடலும் இறக்கையும் மரம். மரப்பலகையும் பிளைவுட்டும் ஒட்டி, இழைத்து, வழவழப்பாக்கிய தோல் அது. ஆகவே போர் விமானத்தில் செய்வதுபோலக் கோடுகளை ஆழமாகக் கீறி, அவற்றில் கறுப்பு மை ஓட்டும் பழக்கத்தை இங்கே மறந்துவிடுங்கள். தகடு மூடியிருக்கும் எஞ்சின் பகுதி, திறந்து மூடும் கதவுகள், அசையும் பாகங்களின் ஓரம் ஆகியவற்றில் மட்டும் கோடு இருக்கட்டும். மற்ற இடங்களில் தென்படுவதை அடைத்துத் தேய்த்துவிடுங்கள்.

பட்டி பார்க்கும் வேலை

பாகங்களைச் சோப்புத் தண்ணீரில் அலசிக் காயவைத்து, பசை போடாமல் ஒரு முறை பொருத்திப் பாருங்கள். உடலின் இரு பாதிகளை ஒட்டும்போது, உருகிய பிளாஸ்டிக் இணைப்பிலிருந்து மெல்லிய வரப்பாகப் பிதுங்கும் வரை அழுத்துங்கள். அந்த வரப்புதான் முதல் பட்டி. ஒரு நாள் முழுக்க விட்டுப் பிறகு தேயுங்கள்.

மீதிப் பள்ளங்களுக்கு மாடல் பட்டி அல்லது சூப்பர் குளூ. சூப்பர் குளூ என்றால் ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். மறுநாள் அது பிளாஸ்டிக்கைவிட இறுகிவிடும், பக்கத்துப் பிளாஸ்டிக்தான் தேயும். வாட்டர் பேப்பரை 400, 600, 1000, 1500 என்று படிப்படியாக, தண்ணீர் தொட்டு ஓட்டுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் குழி விழும். பேப்பரை ஒரு ரப்பர் துண்டில் சுற்றிக்கொள்ளுங்கள். கார் டிங்கரிங் கடையில் ஐந்து நிமிடம் நின்று பார்த்தால் இந்தப் பாடம் இலவசமாகக் கிடைக்கும்.

கண்ணாடி மூடியை மட்டும் சூப்பர் குளூவால் ஒட்டாதீர்கள். அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். ஃபெவிகால் போதும்.

இப்போது சாம்பல் பிரைமர் ஒரு கை அடித்துக் காய்ந்ததும், 2000 பேப்பரால் மெதுவாக நீவிவிட்டு, ஈரத்துணியால் துடையுங்கள். டியூப் லைட்டுக்குக் கீழே, ஈரம் காய்வதற்குள் இறக்கையைச் சாய்த்துப் பிடியுங்கள். விளக்கின் வெள்ளைக் கோடு அதில் தெரியும். இறக்கையை மெல்லத் திருப்பினால் கோடு நகரும். எங்கே அது நெளிகிறதோ, எங்கே ஒரு நொடி அறுந்து ஒட்டுகிறதோ, அங்கே மேடோ பள்ளமோ இருக்கிறது. பென்சிலால் வட்டம் போட்டு, மீண்டும் பட்டி. என் காமெட்டில் இந்தச் சுற்று நான்கு முறை நடந்தது. நாலாவது முறையும் கோடு அறுந்த இடம், இறக்கை உடலோடு சேரும் வளைவு. உங்களுக்கும் அங்கேதான் அறும், முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

சிவப்பு

சாம்பல் மேல் நேராகச் சிவப்பு அடித்தால் ரத்தக்கட்டு நிறம் வரும். நடுவில் வெள்ளை வேண்டும். சின்ன அளவு மாடலில் நிறம் அழுத்தமாகத் தெரியும் என்பதால் சற்று வெளுக்க நினைப்பீர்கள். வெள்ளை கலந்தால் ரோஸ் ஆகிவிடும். சில துளி ஆரஞ்சு கலந்து பாருங்கள்.

முதல் இரண்டு பூச்சும் பனி விழுந்ததுபோல மெலிதாக இருக்கட்டும். கீழ்நிறம் தெரிந்தாலும் பதற வேண்டாம். கடைசிப் பூச்சை மட்டும் ஈரமாக ஓடவிடுங்கள். ஸ்ப்ரே டப்பா என்றால் வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்தெடுங்கள், துளிகள் மெலிதாகும். சுடுதண்ணீரோ அடுப்போ ஆபத்து. தெளிப்பை மாடலுக்கு வெளியே தொடங்கி வெளியே முடியுங்கள். ஃபேனை நிறுத்தி, தரையில் தண்ணீர் தெளித்து, முடிந்ததும் மேலே ஒரு டப்பாவைக் கவிழ்த்துவிடுங்கள். ஹார்டுவேர் கடை என்.சி. தின்னர் பக்கமே போகாதீர்கள். அது பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும்.

மழைக்காலத்தில் இன்னொரு எச்சரிக்கை. ஒரு கார்த்திகை அடைமழையில், பொறுமையில்லாமல் லாக்கர் சிவப்பு அடித்துவிட்டுப் படுத்தேன். காலையில் இறக்கை முழுக்கச் சாம்பல் பூத்திருந்தது. காற்றின் ஈரம் காயாத பூச்சில் இறங்கிவிட்டது. எல்லாவற்றையும் தேய்த்து மறுபடி வெள்ளையிலிருந்து தொடங்கினேன். அதற்குப் பிறகு, துணி காயாத நாளில் பெயின்ட் அடிப்பதில்லை.

எனாமல் காய்ந்ததா என்று தொட்டுப் பார்க்காதீர்கள், ரேகை பதியும். மோந்து பாருங்கள்; வாடை இருந்தால் இன்னும் காயவில்லை.

வெள்ளை எழுத்துகள்

வெள்ளை டீக்கால் சிவப்பின் மேல் ஒட்டினால் சில சமயம் ரோஸ் அடிக்கும். உபரித் தாள் ஒன்றிருந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஒட்டுங்கள். பெரிய பதிவெழுத்துகளுக்கு வேறு வழியும் உண்டு. அந்த இடத்தில் வெள்ளையை அப்படியே விட்டு, எழுத்து வடிவில் டேப் வெட்டி ஒட்டி, டேப்பின் ஓரத்தில் முதலில் வெள்ளையே ஒரு கை அடித்து அடைத்துவிட்டு, பிறகு சிவப்பு அடியுங்கள். ஓரம் கசியாது. டேப்பை ஒட்டுமுன் உள்ளங்கையில் ஒரு முறை ஒட்டி எடுங்கள், அதன் வீம்பு குறையும்.

கடைசியாக, ஒரு சைக்கிள் பம்ப்

காமெட்டின் புரொப்பெல்லருக்கு இரண்டே கோணங்கள். புறப்படும் முன் சைக்கிள் பம்பால் காற்று அடித்து, பிளேடுகளைக் கிளம்பும் கோணத்துக்குக் கொண்டுவருவார்கள். வேகம் கூடியதும், கூம்புமூக்கின் முனையில் இருக்கும் வட்டத் தட்டைக் காற்று அழுத்தி வால்வைத் திறக்கும். பிளேடுகள் பறக்கும் கோணத்துக்கு மாறிவிடும். தரை இறங்கும்வரை மாற்ற வழியில்லை. அந்தச் சின்னத் தட்டை மறக்காமல் செய்யுங்கள். மில்டன்ஹால் காட்சி என்றால், பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவத்தியில் காட்டி இழுத்த ஆறு மில்லிமீட்டர் துண்டில் ஒரு பம்ப் செய்து சக்கரத்தருகே வையுங்கள்.

பார்க்க வருபவர்கள் அது என்னவென்று கேட்டுக் குனிவார்கள். அப்போது அவர்கள் முகத்துக்கு அருகே இருப்பது உங்கள் இறக்கை. டியூப் லைட்டின் கோடு அதில் நெளியாமல் ஓட வேண்டும்.