சப்பாத்திக் கள்ளி

பால்மரம் சீவிப் பழகிய கைகளுக்குக் கள்ளியை இனம் காண்பது எளிது. தண்டில் கீறல் விழுந்தவுடன் வெண்ணிறப் பால் வடியுமாயின் அது சதுரக்கள்ளி, கொம்புக்கள்ளி போன்றவற்றின் இனம். ரப்பர் மரம், ஆமணக்கு, மரவள்ளி ஆகியவையும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. சப்பாத்திக் கள்ளியிலோ பால் இல்லை; வழவழப்பான நீரே கசியும். பெயர் கள்ளியென்று இருப்பினும் அது 'காக்டஸ்' எனப்படும் வேறொரு குடும்பத்துச் செடியாகும். இவ்வேறுபாட்டை அறிதல் வீண் ஆராய்ச்சியன்று. கள்ளிப்பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு நேரலாம். உடனே தூய நீரால் நெடுநேரம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சப்பாத்தி போன்று தட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருப்பவை இலைகளல்ல, தண்டுகள். நீரைச் சேமிப்பதும் உணவு தயாரிப்பதும் அவையே. இலைகள் மிகச் சிறியவை, விரைவில் உதிர்ந்துவிடும். வறண்ட நிலத்திலும் கடற்கரை மணலிலும் வாழும் இச்செடி, பகல் வெயிலில் நீர் ஆவியாகாதவாறு தன் நுண்துளைகளை மூடிக்கொண்டு இரவிலேயே திறக்கிறது. மலர் மஞ்சள், பழம் கருஞ்சிவப்பு.

தமிழகத்து வேலியோரங்களில் நம் முன்னோர் கண்ட செடியாயினும் இதன் தாயகம் அமெரிக்கக் கண்டமாகும். கள்ளியில் வாழும் கொச்சினீல் பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுக்கலாமென்று கிழக்கிந்தியக் கம்பெனியார் ஆசைப்பட்டனர். டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் இதற்கெனக் கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795இல் வங்காளத்திற்கு வந்து சேர்ந்ததோ நல்ல சாயம் தராத பூச்சியினம். அது கள்ளியில் ஒரு வகையை உறிஞ்சி அழித்தது. மஞ்சள் முள்ளுடைய சப்பாத்திக் கள்ளியைத் தொடவில்லை. வெட்டிப் போட்ட துண்டெல்லாம் வேர்விட, மேய்ச்சல் நிலங்கள் முட்காடாயின. 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு கொச்சினீல் இனம் தென்னிந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. அரிவாளுக்கு அடங்காத முட்காட்டை அச்சிறு பூச்சி சில ஆண்டுகளில் பெருமளவு ஒழித்துவிட்டது. கள்ளியின்மேல் பஞ்சு போல் ஒட்டியிருக்கும் அப்பூச்சியை நசுக்கினால் விரல் சிவக்கும்.

பாலிக் புலாவில் கள்ளி வளர்ப்போர்க்குக் கவலை வறட்சியன்று, மழையே. ஆண்டிற்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் இவ்வூரில், டுரியானுக்கும் சாதிக்காய்க்கும் உகந்த ஈரமண் கள்ளியின் வேரை அழுகச் செய்துவிடும். ஆதலால் தரையில் நடாமல், அடியில் துளையுள்ள தொட்டியில் வளர்ப்பதே தக்கது. நன்கு முற்றிய தண்டொன்றை வெட்டி, வெட்டுவாய் உலரும்வரை ஒரு வாரம் நிழலில் வைக்க வேண்டும். பலர் பொறுமையின்றி அன்றே நட்டுச் செடியை இழக்கின்றனர். பாதி மண்ணும் பாதி பருமணலும் சிறு கற்களும் கலந்து, தண்டின் அடிப்பகுதியை மட்டும் புதைத்தால் போதும். வெயில் படும், மழைச்சாரல் படாத கூரையோரமே ஏற்ற இடம். மண் முற்றிலும் காய்ந்த பின்னரே நீர் விட வேண்டும். தொட்டியின் கீழ்த் தட்டில் நீர் தேங்கினால் வேர் அழுகுவதோடு ஏடிஸ் கொசுவும் பெருகும், தட்டு வேண்டாம்.

பெரிய முள்ளினும் தொல்லை தருவது, அதன் அடியில் கொத்தாயுள்ள மயிரிழை போன்ற நுண்முள். ஆகவே சிறுவர் கைக்கு எட்டாத இடத்தில் தொட்டியை வைத்து, செடியை எடுக்கும்போது மடித்த செய்தித்தாளைப் பயன்படுத்துக. தோலில் ஏறிய நுண்முள்ளைத் தேய்க்காமல், ஒட்டும் நாடாவை அழுத்தி உரித்தெடுக்கலாம். கழித்த துண்டுகளைத் தோட்டத்து ஓரங்களில் எறியாமல் குப்பையுடன் கட்டி அப்புறப்படுத்துக.